சைரன் சுருதி

கல்முனையில் நளீர்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் நளீருக்கு ஊர் 'கோட்ஸ் நளீர்' என்று பெயர் வைத்துவிட்டது. இதை நீதிமன்றக் கோட்ஸ் என்று நம்பி இறக்காமத்திலிருந்து ஒருவர் வயற்காணி வழக்குக் கட்டோடு வந்து, கடை வாங்கில் அரை மணித்தியாலம் குந்தியிருந்தார்.

"நான் அந்தக் கோட்ஸ் இல்ல காக்கா. இது கிற்றார் கோட்ஸ்."

"பாட்டுக்கும் கோட்ஸ் இரிக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இருக்கிறது. ஒரு பாட்டில் எந்த இடத்தில் எந்தக் கம்பிகளை அமத்த வேண்டும் என்பதை நளீர் காதாலேயே கண்டுபிடித்து எழுதி, முகநூலில் போடுவார். சங்கீதம் படித்தவரல்ல. பாட்டைத் துண்டு துண்டாக ஓடவிட்டு, முதலில் அடியில் உறுமும் சத்தத்தைப் பிடிப்பார். அது அகப்பட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும். யார் கேட்டாலும் இல்லையென்று சொல்வதில்லை.

இந்த வித்தை அவருக்கும் அவருடைய கூடப்பிறந்த மூத்த காக்கா சுபியானுக்கும் சேர்ந்தே வந்தது. சாய்ந்தமருதில் அந்தக் காலத்தில் சுருதி பார்க்கும் கருவிக்கு எங்கே போவது? நோன்பு மாதத்தில் கடலோரத்துப் பள்ளியில் நோன்பு திறக்கும் சைரன் ஊதும். வாயில் பேரீச்சம்பழத்தோடு சுபியான் கிற்றாரை எடுத்து, ஐந்தாம் கம்பியை அந்தச் சைரனுக்குச் சரியாக முறுக்கி வைப்பார். சைரன் எந்தச் சுரத்திலும் சேராமல் இரண்டுக்கும் நடுவில் ஊதியது அவர்களுக்கு எங்கே தெரியும்? பிழையான சுருதியிலேயே ஊர்ப்பட்ட பாட்டுகளைப் பழகினார்கள். கரைவலைக் கயிறு அறுத்ததில் சுபியானின் ஆள்காட்டி விரல் விறைத்துப் போயிருந்தது. அதனால் எஃப் கோட் வரும் இடத்தில் முதலாம் கம்பியை அமத்தாமல் விட்டுவிடுவார். அந்த இடத்தில் பாட்டு ஏதோ கேள்வி கேட்பது போல் இருக்கும்.

சுனாமி அன்று சைரனும் போனது, கிற்றாரும் போனது, சுபியானும் போனார். மையித்துக் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி பஸ்மிலா நாலு வருடம் பார்த்திருந்தாள், பிறகு விதவைக்குரிய இத்தா இருந்தாள். அதன் பிறகு பெரியவர்கள் பேசி, நளீருக்கு நிக்காஹ் செய்து வைத்தார்கள். நளீர் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் மையித்தைக் கண்டவர் ஒருவருமில்லை என்ற முள் பதினாறு வருடமாக நெஞ்சில் கிடந்தது. அவளுக்குப் பழசு ஞாபகம் வரக்கூடாதென்று, தான் பிறகு வாங்கிய கிற்றாரைக் கடையை விட்டு வெளியே எடுப்பதே இல்லை.

போன வியாழக்கிழமை காலை, படமில்லாத ஒரு இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு ஒலிப்பதிவு வந்தது. "இந்தப் பாட்டுக்குக் கோட்ஸ் போட்டுத் தாங்க." ஒரு கிற்றார், கூடவே வாய் திறக்காத முனகல். மெட்டு நளீருக்குப் புதிது. அடிச் சத்தத்தைப் பிடித்தார், எந்தச் சுரத்திலும் நிற்கவில்லை. பழைய கசட் இழுபட்டிருக்கும் என்று நினைத்து மறுபடி கேட்டார். பின்னால் மெல்லியதாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண் விற்க வரும் ஓட்டோவின் பாட்டு கேட்டது. அது தன் சுருதியில் சரியாகவே இருந்தது. அப்படியென்றால் இழுபட்ட கசட்டில்லை, கிற்றாரைத்தான் யாரோ அப்படி முறுக்கியிருக்கிறார்கள். பாண் ஓட்டோ இந்த ஊருக்கு வந்ததும் சுனாமிக்குப் பிறகுதான்.

தன் ஐந்தாம் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாயின. கடைக்குள் அந்தச் சைரன் ஊதியது போலிருந்தது. எஃப் வரும் இடத்தில் முதலாம் கம்பி அமத்தாமல் கிடந்தது.

காக்கா உயிரோடு இருந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வேண்டிய வாய், பஸ்மிலாவின் பெயரைத்தான் முணுமுணுத்தது. அதற்காக அவருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. வேண்டுமென்றே எஃப் கோட்டை முழுதாக எழுதி அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. "எஃப் இல்ல. முதலாம் கம்பியச் சும்மா விடுங்க."

கோல் எடுத்தார். அப்படியொரு இலக்கம் பாவனையில் இல்லை என்றது மறுமுனை.

அன்று பின்னேரம் அசருக்கே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். படலையைத் திறக்கும்போது ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ நுழைந்தது. அவர்கள் ஒழுங்கைக்கு வரும் ஓட்டோவின் ஸ்பீக்கர் பழுது, பாட்டில் ஐந்தாவது சத்தத்தை விழுங்கிவிடும். நளீர் போனைக் காதில் வைத்துப் பதிவைக் கேட்டார். அதிலும் ஐந்தாவது சத்தம் இல்லை. அந்தக் கிற்றாரை வாசித்தவர் இந்த ஒழுங்கையில் இருந்துதான் வாசித்திருக்கிறார். நளீர் பதிவை அழித்தார், இலக்கத்தையும் அழித்தார்.

உள்ளே பஸ்மிலா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே எதையோ முனகினாள். அதே மெட்டு.

"அத எங்க கேட்ட நீ?" குரல் அவருடையது போலவே இல்லை.

"எங்கயா? நேத்து இந்நேரம் நீங்கதானே கிணத்தடியில இரிந்து வாசிச்சீங்க. ஜன்னலால முதுகு தெரிஞ்சிது. இத்தன வருஷத்துக்குப் பொறகு கிற்றார வீட்டுக்குக் கொண்டு வந்திட்டீங்களெண்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம்! குழப்பக் கூடாதெண்டு பேசாம இரிந்திட்டன்."

நேற்று பொழுதுபட்டு மஃரிப் வரை நளீர் கல்முனையில், கடையில் இருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அந்த முகத்தை இழக்க அவரால் முடியாது.

"ஓம்," என்றார். "நான்தான்."

பஸ்மிலா கோப்பையை நீட்டினாள்.

"அப்ப வாசிச்சிட்டு ஏன் உள்ளுக்கு வராம போனீங்க?"