எந்தக் கோப்பிலும் இல்லாத கிளாஸ்

ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதும் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தாள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் நிரலில் ஒரு கிளாஸ் வேண்டும். அந்தப் பரிசோதனையின் அலகு என்ன, எவ்வளவு இருந்தால் கூடுதல், எவ்வளவு இருந்தால் குறைச்சல் என்று அறிந்த அச்சு அது. அத்தனையையும் யார் உட்கார்ந்து எழுதுவது? நாற்பதே வரி எழுதினாள். கூடத்துக்காரர்கள் பட்டியலில் புதுப் பரிசோதனையைச் சேர்த்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அந்த நிமிஷமே அதற்கான கிளாஸைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். மேலாளர் கைதட்டினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வினை அங்கேதான் தொடங்கியது. கோளாறு என்றால் திரையில் ஒரு கிளாஸின் பெயர் வரும். தேடினால் எந்தக் கோப்பிலும் இருக்காது. மற்றவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் அவளுக்குப் போன் போடுவார்கள். கல்யாண வீடோ பல் டாக்டர் நாற்காலியோ, மடிக்கணினியைத் திறந்தாக வேண்டும்.

தங்கைக்கு இடுப்பில் முதல் அறுவை சிகிச்சை நடந்தபோதும் அதே கூத்து. மயக்கம் தெளிந்தவள் பார்த்தது, ஜன்னலோரம் ஆபீஸோடு பேசிக்கொண்டிருந்த அக்காவின் முதுகை. இரண்டாவதற்குத் தேதி குறித்ததுமே சொல்லிவிட்டாள்: "நீ வர வேணாம்க்கா. வந்தாலும் இங்க இருக்க மாட்டே."

சுருக்கென்று தைத்தது. மறுநாளே நூற்றெண்பத்தாறு கிளாஸையும் கோப்பில் எழுதிவைக்க உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடற வண்டிய எதுக்கும்மா பிரிக்கிறீங்க?" என்றார் மேலாளர்.

"வண்டி எங்க சார் ஓடுது? நான்தான் ஓடறேன்."

முக்கால்வாசியை நிரலே எழுதித் தந்துவிட்டது. ஒன்பது வருஷமாக அவசரத்துக்குப் போட்ட ஒட்டுகளைத்தான் கையால் பிரிக்க வேண்டியிருந்தது. ஐந்து வாரத்தில் கழுத்து இறுகிப் போய்விட்டது.

அறுவை சிகிச்சை முடிந்து தங்கையைக் கட்டிலில் கொண்டுவந்து விட்ட மத்தியானம், ஆபீஸில் பக்கத்து மேசைக்காரியிடமிருந்து செய்தி வந்தது. படிப்பதற்குள் கை மடிக்கணினிப் பையைத் தேடியது.

"காலைல ரெண்டு தடவ நின்னுச்சுக்கா. ஃபைலப் பாத்து நாங்களே சரி பண்ணிட்டோம்."

சந்தோஷம் வரவில்லை, அசதிதான் வந்தது. கட்டில் விளிம்பில் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிப் போனாள்.

தங்கைதான் தோளைத் தட்டி எழுப்பினாள். முகமெல்லாம் பதற்றம்.

"என்னக்கா, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"