நாலு கிலோமீட்டர் வித்தியாசம்

ஒரு விடுகதை. நின்றால் உண்மை சொல்வேன். ஓடினால் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். வானத்தில் இருப்பவன் என் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டான். நான் யார்?

யோசித்துக்கொண்டே வாசியுங்கள். தேனியில் ஒரு கார் பட்டறையில், வருகிறவர்களின் குறைகளைக் கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. "சத்தம் வருது" என்பார்கள். ஓட்டிப் பார்த்தால் சத்தம் வராது. இந்த மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த எல்லோரும் இதை அனுபவித்திருப்பீர்கள். எல்லோர் கையிலும் போன் வந்தபிறகு புதுக் குறை ஒன்று சேர்ந்திருக்கிறது. விடுகதைக்கு விடையும் அதுதான். வேகம் காட்டும் மீட்டர்!

மீட்டர் பொய் சொல்லுது

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் முருகேசன் தன் ஜீப்பை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தார். பின்னால் ஆறாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் கயல்விழி, கையில் போனோடு. "மீட்டர் அறுபதுங்குது, போன் அம்பத்தாறுங்குது. எது சார் நெசம்?"

போன்தான் என்றேன். போன் செயற்கைக்கோள்களைப் பார்த்து, வண்டி நகரும் வேகத்தைக் கணக்கிடுகிறது. மீட்டருக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. சக்கரம் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதை மட்டும் எண்ணும். அது குறைத்துக் காட்டினால் ஆபத்து. அதனால் வண்டி செய்கிறவர்களே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வைக்கிறார்கள். முருகேசன் முகம் மலர்ந்துவிட்டது. மகளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா ஆத்தா, இனிமே நாலைக் கழிச்சுக்கிட்டு மிதிக்கலாம்!"

கொண்டை ஊசி வளைவில்

கணவனும் மனைவியுமாக இருவர் குமுளி மலைப்பாதையில் இறங்கி நேராக என்னிடம் வந்தார்கள். ஓட்டியது மனைவி. பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்து, "வேகம், வேகம்" என்று வழியெல்லாம் கத்தியது கணவன். போன் பழுதா, மீட்டர் பழுதா என்று தெரிந்தாக வேண்டும்.

இரண்டுமே பழுதில்லை. போன் ஒரு நொடி, இரண்டு நொடி பின்தங்கித்தான் வேகத்தைச் சொல்லும். வளைவும் மரங்களும் மலைச்சுவரும் உள்ள இடத்தில் இன்னும் தடுமாறும். நேரான சாலையில், ஒரே வேகத்தில் போகும்போதுதான் அதை நம்பலாம். இதைக் கேட்டதும் அந்த அம்மா கணவரைக் காட்டிச் சொன்னார்: "நான் பிரேக்கப் போட்டு நிப்பாட்டியாச்சு, இவுக போன் இன்னும் இருபத்தெட்டுல போகுது. அதுக்கு ஒரு பிரேக் வச்சுக் குடுங்க சார்!"

பெரிய டயர்

முருகேசன் மகளோடு மறுபடி வந்தார். ஜீப் இப்போது ஆளுயரத்துக்கு நின்றது. நாலு சக்கரத்திலும் புது டயர், ஒவ்வொன்றும் பழையதைவிடப் பெரிது. "எப்படி சார், யானை மாதிரி நிக்குதுல்ல?" தினமும் சின்னமனூருக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது இந்த ஜீப்பில்தான். அறுபதைத் தாண்டினால் பிள்ளையை ஏற்றக் கூடாது என்பது அவர் மனைவியின் கட்டளை. அதனால் மீட்டரில் அறுபத்தி நாலு வைத்து, நாலைக் கழித்து, நிம்மதியாக ஓட்டுகிறாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடிவிடும். மீட்டர் சுற்றைத்தானே எண்ணுகிறது! "வாங்க, இப்பவே பாத்திருவோம்" என்று ஏறிக்கொண்டேன். நேரான புறவழிச்சாலை, முன்னால் வண்டியே இல்லை. முருகேசன் மீட்டரை வாசித்தார், பின்சீட்டிலிருந்து கயல்விழி போனை வாசித்தாள். "அம்பது!" "அம்பத்தி மூணு!" "அறுபது!" "அறுபத்தி நாலுப்பா!" மீட்டர் அறுபத்தி நாலைத் தொட்டதும் அவள் சீட்டிலிருந்து எழும்பியே விட்டாள். "அப்பா! அறுபத்தெட்டு! நாலைக் கூட்டணும்ப்பா, நீ கழிச்சுக்கிட்டு இருக்க!"

ஜீப் ஓரமாக நின்றது. பழைய டயர்கள் அவர் வீட்டில்தான் இருக்கின்றனவாம். கொண்டுவந்தால் மாட்டிவிடலாம் என்றேன். அவர் இறங்கி யானையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மனசு வரவில்லை. கடைசியில் மகளிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "ஆத்தா, அம்மாகிட்ட சொல்லிராத. பெருசே இருக்கட்டுமா, பழச மாட்டிருவமா? உக்காந்து வர்றவ நீ, நீயே சொல்லு."

கயல்விழி பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னாள்.