நூறு வரை எண்ணுகிறவர்

குழாயைத் திறந்ததும் குடிக்கமாட்டார். தேங்கிக் கிடந்த தண்ணீர் போகட்டும் என்று ஓடவிட்டு, உதடு அசையாமல் நூறு வரை எண்ணுவார். அப்புறம்தான் டம்ளர் குழாயடிக்குப் போகும். கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருடமாக மனைவி இதைப் பார்க்கிறாள். "என்னங்க, மந்திரம் ஓதி முடிச்சாச்சா? நான் உலை வைக்கணும்" என்பாள். அவர் கையை மட்டும் உயர்த்துவார். எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமே!

குடிநீர் அலுவலகத்துக்காக வீடு வீடாகப் போய் மீட்டர் குறிப்பது அவர் வேலை. ஒப்பந்த வேலை; வருடத்துக்கு ஒரு முறை கையெழுத்து. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ரோமாபுரி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர், போய்ப் படித்தது கிரேக்க, ரோமானிய வரலாறு. கிடைத்த இடம் அதுதான். மூட்டை தூக்கும் அப்பா அன்றைக்கே கேட்டார்: "செத்துப்போன ராஜாவெல்லாம் எழுந்து வந்து உனக்கு வேலை போட்டுக் குடுப்பானா?" அதே கேள்வியை அவரும் தன்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார், பெரும்பாலும் மீட்டர் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு குனிந்திருக்கும்போது.

எண்ணும் பழக்கம் அந்தப் படிப்பு தந்த பயத்திலிருந்து வந்தது. ரோமானியர்கள் நகரத்துக்குள் ஈயக் குழாயில் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஈயம் விஷம்; குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீரில் மெல்லக் கரைந்து இறங்கும். ஈய வேலை செய்கிறவர்களின் முகம் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்த கட்டடக்காரர் ஒருவர், மண் குழாயே உடம்புக்கு நல்லது என்று அப்போதே எழுதிவைத்தார். பரீட்சையில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதிவைத்த பிறகும் ஈயக் குழாயைப் பதித்துக்கொண்டேதான் இருந்தார்கள் என்பது மட்டும் இவரை விடவில்லை.

"தெரிஞ்சும் குடிச்சிருக்காங்களே."

"கவலைப்பட இந்த ஊர் ஆளுங்க போதாதா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

போதாது. பழைய தெருக்களில் சுவரோரக் குழாயைச் சாவியால் சுரண்டிப் பார்ப்பார். இரும்பென்றால் நிம்மதி. மெத்தென்று சுரண்டுபட்டு, உள்ளே வெள்ளியாக மின்னினால் ஈயம்; இன்னொரு தடவை சுரண்டிப் பார்ப்பார்.

தையல்கார அக்கா வீட்டில் மின்னியது. அவள் இடுப்பில் கைக்குழந்தை, கையில் பால்புட்டி.

"என்ன தம்பி, மீட்டரை விட்டுட்டுக் குழாயைச் சுரண்டுறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு பாட்டில் தண்ணி பிடிச்சுக்கிறேன். சோதனைக்கு அனுப்பிட்டு, அடுத்த மாசம் வரும்போது சொல்றேன்."

முடிவு வந்தது. மேற்பார்வையாளர் மேசையில் கிடந்த தாளில், ஒரு எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"குழாய் மாத்த அனுமதி வரட்டும், நாமளே சொல்லுவோம். இப்ப நீ வாயைத் திறந்தா தெருவே திரண்டு வந்து நிக்கும். உனக்குக் கையெழுத்து எப்பன்னு ஞாபகம் இருக்கில்ல?"

"சார், ரோம்லயே..."

"ரோம் கிடக்கட்டும்யா. மீட்டர் எவ்வளவு ஓடுச்சு, அத மட்டும் சொல்லு."

அந்த மாதம் அக்கா கேட்டபோது, "இன்னும் வரலக்கா" என்றார். அதற்கடுத்த மாதமும் அதையேதான் சொன்னார். திரும்பும்போது வண்டிக் கண்ணாடியில் தன் முகம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அந்தக் கட்டடக்காரர் எழுதியாவது வைத்தார். இவரிடம் ஒரு வரி பதில் பாக்கி நிற்கிறது.

இந்த மாதம் போனபோது தையல் மெஷின் நின்றது. அக்கா பால்புட்டியோடு குழாயடிக்கு எழுந்து வந்தாள்.

"தம்பி, நம்ம தண்ணி சங்கதி என்னாச்சு? நல்ல தண்ணிதானே?"

கையெழுத்துக்கு இன்னும் ஒன்பது நாள். குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். புட்டியை நீட்டியவளைக் கை காட்டி நிறுத்தினார்.

"ஐயோ, வீணாப் போகுது தம்பி! மீட்டர் பார்க்க வந்த ஆளே மீட்டரை இப்படி ஓட விடலாமா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி, முதல் தடவையாக வாய்விட்டு, அவள் காதில் விழும்படி எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."