றெஜினா அக்காவின் பேசாத ஒரு நிமிடம்

றெஜினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது அப்பா சமையலறையில் புறாக்களுக்குத் தீனி கலந்துகொண்டிருந்தார். அம்மாவின் கைபேசியில் அக்காவின் தம்பி யூட் அண்ணையின் குரல் செய்தி வந்தது. "அக்கா இண்டைக்குக் காலமை போயிட்டா. கடிதம் பிரிக்கிற இடத்தில விழுந்தவ. மூளைக்குள்ள இரத்தம் எண்டவங்கள். ரெண்டு நாள் பாத்தம். ஏலாமப் போச்சு." அம்மா அதை இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டார். அப்பாவின் கை சோளத்துக்குள் அப்படியே நின்றது.

"எந்த றெஜினா? தபால்காரப் பிள்ளையோ?" என்று கேட்டார்.

எந்த றெஜினா என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி யூட் அண்ணை கேட்டார். "உன்ர பேர் போட விருப்பமெண்டால் போடு, இல்லாட்டி விடு" என்றார். அக்காவின் 'ஈரச் சப்பாத்து' வலையொலியைக் கேட்ட உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெர்மனியில் எங்கள் எசன் நகரத்தைச் சுற்றியுள்ள காடுகளையும் குளங்களையும், புல் முளைத்த பழைய சுரங்க மேடுகளையும், அங்கே மேயும் ஆடுகளையும் அவர் தமிழில் உங்கள் காதுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் "ஒலியும் குரலும் றெஜினா. தொகுப்பு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை" என்று சொல்வார். அந்தப் பிள்ளை நான்தான்.

வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, மேசை விளக்கைத் துணியால் மூடி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை அப்பா இப்போது பார்க்கக் கூடாது. அச்சில் வந்த பிறகு கட்டாயம் பார்ப்பார்.

அடக்கம் நடந்த அன்று தேவாலய வாசலில் ஓர் அன்ரி சொன்னார்: "நல்ல பிள்ளை. அந்தப் பறவைக் கூட்டைக் காட்டிக் குடுத்ததுதான் ஒரு பிழை." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அது அக்காவின் பிழை இல்லை. அதைச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு பக்கம்தான் இருக்கிறது.

அக்காவை நான் முதலில் பார்த்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். குளிர் முடிகிற காலத்தில் தேரைகள் கூட்டமாக வீதியைக் கடந்து குளத்துக்குப் போகும். கார்களின் கீழ் நசிந்து போகாமல் ஆட்கள் அவற்றை வாளியில் அள்ளிக்கொண்டுபோய் மறுபக்கம் விடுவார்கள். அதைப் பற்றிச் சிறுபிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பதிவு செய்ய வந்திருந்தார். தபால்காரரின் மஞ்சள் மேலங்கி, முழங்கால் வரை சேறு. நடந்தபோது சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது.

முந்திய பதிவைப் போட்டுக் காட்டினார். நான் சொன்னேன்: "அக்கா, உங்கட பதிவில ஃப்ரிட்ஜ் சத்தம் கேக்குது."

"அது ஃப்ரிட்ஜ் இல்லையடி, என்ர வயிறு. காலமை சாப்பிடேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல், அந்த இரைச்சலை எப்படி எடுப்பது என்று அவருடைய மடிக்கணினியிலேயே செய்து காட்டினேன். அக்கா இரண்டு முறை கேட்டார். பிறகு, "அப்ப எனக்கு ஆள் கிடைச்சிட்டுது" என்றார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அக்காவுக்கு முப்பத்திரண்டு. அன்றிலிருந்து அவர் ஒலியை எடுப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். இந்தச் சத்தத்தை விடுவதா, வெட்டுவதா என்று சண்டை பிடிப்போம். பாதி நேரம் நான்தான் வெல்வேன்.

பதிவின் கடைசியில் வரும் 'பேசாத ஒரு நிமிடம்' உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இடத்தின் சத்தம் மட்டும், ஆட்களின் குரல் இல்லாமல். அதை எடுக்கும்போது என் மூச்சுச் சத்தம் விழுகிறது என்று அக்கா கையால் சைகை காட்டுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நிமிடம் முடிந்ததும் என் முதுகில் தட்டி, "சரி, இனி மூச்சு விடு" என்பார். அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு பதிவும் கணினிக்கு வரும். நான் அதை வெட்டிவிடுவேன்.

பறவைக் கூடுகளைப் பற்றிய பதிவுகளுக்கு மட்டும் ஒரு விதி இருந்தது. கூட்டடியில் எடுத்த நிமிடத்தைப் போடக் கூடாது. வேறொரு காட்டில் எடுத்ததைப் போட வேண்டும். "ஆராவது கூடு எங்க எண்டு கேட்டால், மரத்தில எண்டு சொல்லு" என்பார் அக்கா. கூடுகளைக் கண்காணிக்கும் தொண்டர் குழு ஒன்று அவரை நம்பித் தங்கள் மரங்களின் பட்டியலைக் கொடுத்திருந்தது. அந்தக் குழுவில் தமிழ்ப் பெண் அவர் ஒருவர்தான். அந்தப் பட்டியலை அவர் கைபேசியில்கூட வைத்திருக்கவில்லை. கடதாசியில் எழுதி, சமையலறையில் அரிசி வாளிக்குள் வைத்திருந்தார்.

சென்ற வைகாசியில் வல்லூறு ஒன்றின் கூட்டடிக்குப் போனோம். ஜெர்மன்காரர் ஹபிஷ்ட் என்று சொல்லும் பெரிய வல்லூறு அது. உயரமான பீச் மரத்தில் வெள்ளைப் பஞ்சு போல மூன்று குஞ்சுகள். தாய் இரையைக் கிழித்து ஊட்டும்போது அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கத்தின. அந்த நிமிடத்தின் நடுவே தூரத்திலுள்ள நாய்க் காப்பகத்தில் சாப்பாட்டு நேரம் வந்து எல்லா நாய்களும் ஒன்றாகக் குரைத்தன. அதன் மேல் சரக்கு ரயில் ஒன்று இரும்புப் பாலத்தைக் கடந்தது. நான் அதுவரை கேட்டதிலேயே அழகான நிமிடம் அது.

விதியை மீறி அதையே போட்டேன். அக்காவுக்கு அந்த வாரம் அதிகாலை வேலை. என்னை நம்பி, கேட்டுப் பார்க்காமலே வெளியிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறையில் அந்தப் பதிவைப் போட்டார். அப்பா நான் செய்யும் எதையும் அதுவரை கேட்டதில்லை. அன்று கடைசி வரை கேட்டார். நாய்கள் குரைத்ததும் தலையைத் தூக்கினார்.

"உது எங்கட தோட்டத்துக்குப் பின்பக்கமல்லோ? நாலு மணி நாயள். பாலத்தால கூட்ஸ் போகுது."

"ஓம் அப்பா."

"கெட்டிக்காரி" என்றார்.

அவர் என்னை அப்படிச் சொன்னது அரிது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆற்றங்கரைப் பக்கம் உள்ள பீச் மரம் என்பதையும் நானே சொன்னேன்.

என் அப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். ரயில் பாதைக்கு அருகே வாடகைத் தோட்டத்தில் பந்தயப் புறாக்கள் வளர்க்கிறார். புறாப் பந்தயச் சங்கத்தின் வயதான ஜெர்மன்காரர்கள் அவரைத் தோளில் தட்டி, சிவத்தை "ஷீவா" ஆக்கிக் கூப்பிடுவார்கள். பாஷை சரியாக வராத அவருக்கு இந்த ஊரில் மரியாதை கிடைக்கும் ஒரே இடம் அது. அந்த வசந்தத்தில் அவருடைய நல்ல புறாக்களை வல்லூறு ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தது. "பிராந்து" என்றுதான் சொல்லுவார். பிராந்து என்றால் பருந்து, இது வல்லூறு என்று நான் திருத்தினால், "உனக்குப் பேர்தான் முக்கியம், எனக்குப் புறா" என்பார். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தும்தான் "ஓம் அப்பா" என்றேன்.

பத்து நாள் கழித்து அக்காவோடு மீண்டும் அந்த மரத்தடிக்குப் போனேன். அக்கா ஒலிவாங்கியை உயர்த்தினார். காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. தாய் இல்லை. குஞ்சுகளின் சத்தம் இல்லை. மரத்தின் பின்னால், கிளைகளால் மூடிய ஒரு கம்பிப் பொறி இருந்தது. மேல் பாதியில் விசை வைத்த வலை, அதில் சிக்கியிருந்தது வரி போட்ட ஒரு நீண்ட இறகு. கீழ்ப் பாதியில் இரையாக ஓர் உயிருள்ள புறா. தாயைப் பிடித்தது போதாமல், தகப்பன் பறவைக்காக மறுபடி வைத்திருந்தார்கள்.

புறாவின் காலில், சொந்தக்காரரைக் காட்டும் வளையம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அதை எனக்குத் தெரியும். குஞ்சாக இருந்தபோது என் கையிலிருந்து தின்றது.

அக்கா குனிந்து பொறியைத் திறந்தார். "போ ராசாத்தி" என்றார். புறா மேலே எழும்பி ஒரு வட்டம் போட்டது. பந்தயப் புறாவுக்கு ஒரு வேலைதான் தெரியும். வீட்டுக்குப் போவது. மரங்களைத் தாண்டி, பாதையைத் தாண்டி, நீலத் தகரம் போட்ட ஒரு கூரையில் போய் இறங்கியது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து அந்தக் கூரை நன்றாகத் தெரிந்தது.

அக்கா கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான் அக்கா அந்த நிமிசத்தைப் போட்டனான்" என்றேன். "மரத்தையும் நான்தான் சொன்னனான்."

"இது சட்டப்படி குற்றம். பொலிசுக்குச் சொல்லோணும்" என்றார் அக்கா. பிறகு, "நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார்.

அப்பா குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஒரு வழக்கு வந்தால் எல்லாம் போய்விடும் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். "சொல்லாதேங்கோ அக்கா" என்று அழுதேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் அக்கா, "அண்டைக்கு அதை உன்னட்டக் கேட்டிருக்கக் கூடாது. அது ஒரு பிள்ளையில ஏத்துற பாரமில்லை" என்றார். அவர் தன் பிழை என்று ஒத்துக்கொண்டதில் அது ஒன்றுதான் உண்மையில் அவருடையது.

அன்று பொறியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். அப்பா வாசலில் நின்றார்.

"அண்ணை, உங்கட புறா ஒண்டு காட்டுக்குள்ள அடைபட்டு நிண்டது. திறந்து விட்டனான். வந்து சேர்ந்திட்டுதோ?"

"என்ர புறா எல்லாம் இஞ்சதான் நிக்குது தங்கச்சி."

"நெத்தியில வெள்ளை."

"அப்பிடி ஒண்டு என்னட்ட இல்லை."

அப்பாவின் தலைக்கு மேல், கூரை விளிம்பில், அந்தப் புறா சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

"சரி அண்ணை" என்றார் அக்கா. பொறியை அப்பாவின் காலடியில் வைத்து, தபால் சப்பாத்தால் மிதித்துச் சப்பையாக்கினார். "இந்தப் பக்கம் கடிதம் போடுறது நான்தான். ஒவ்வொரு நாளும் அந்த மரத்தடியால போய்த்தான் வேலை முடிப்பன். மழையெண்டாலும் போவன்."

அப்படியே போனார். மறுவாரப் பதிவில் உங்களிடம், "கூட்டின் இடம் தெரியும்படி ஒலியை விட்டது நான். பிழை என்னுடையது" என்று சொன்னார். உங்களில் சிலர் அவருக்கு எழுதியதை நான் வாசித்தேன். அவர் பதில் எழுதவில்லை. தொண்டர் குழு பட்டியலைத் திருப்பிக் கேட்டது. அரிசி வாளிக்குள் இருந்த கடதாசியை எடுத்து, மாவைத் தட்டி, உறையில் போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து, "நல்ல காலம், இனி அரிசி கழுவேக்க பயமில்லை" என்றார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இப்போது அறைக்கு வெளியே நடையில் விளக்கு எரிந்தது. அதனால் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். அப்பா தண்ணீர் குடித்துவிட்டு, என் கதவடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

போன கிழமை பள்ளிக்கூடம் முடிந்து அந்த மரத்தடிக்குப் போனேன். தகப்பன் வல்லூறு திரும்பி வந்திருக்கிறது. புதிய துணையோடு. பழைய கூட்டின் மேல் பச்சைக் கிளைகள் வைத்திருக்கின்றன. அன்று மாலை தோட்டக் குடிலுக்குள் அப்பா கம்பி வெட்டும் சத்தம் கேட்டது. புறாக் கூட்டைத் திருத்துகிறார் என்று அம்மா சொன்னார். அப்படியும் இருக்கலாம். கேட்க எனக்குப் பயம். ஆனால் அந்த மரத்தடியால் கடிதம் கொண்டுபோக அக்கா இப்போது இல்லை. அப்பாவின் குடியுரிமை நேர்காணலுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை எங்கள் பெட்டியில் போட்டதும் அக்காதான்.

அப்பா, நீங்கள் இதை வாசிப்பீர்கள். உங்களை எனக்குப் பிடிக்கும். நாளையிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் நான் அந்த மரத்தடியில்தான் நிற்பேன். நீங்கள் இதை வாசிக்கும் அன்றும் நிற்பேன். வேண்டுமென்றால் அங்கே வந்து என்னை ஏசுங்கள்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஓர் ஒலிக்கோப்பு. வைகாசி மாதம், பீச் மரத்தடி, குஞ்சுகள், நாய்கள், ரயில். அதன் கடைசியில் நான் வெட்டி எடுத்த துண்டைத் திரும்ப ஒட்டிவிட்டேன். முதுகில் ஒரு தட்டு. பிறகு அக்காவின் குரல்: "சரி, இனி மூச்சு விடு."

யூட் அண்ணை, இந்தப் பக்கத்தின் கீழே 'ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை' என்று போட வேண்டாம். என் பெயர் அபிநயா. புறாச் சிவத்தின் மகள்.