அழித்த பக்கத்தைத் தேடியவர்கள்

எங்கள் செய்தித் தளத்தில் ஓர் இணைப்பு வேலை செய்யாவிட்டால் முதலில் தெரிவது டிலக்ஷிக்குத்தான். லிங்கநகரில் வீட்டிலிருந்தபடியே தளத்தைப் பராமரிக்கிறாள். இல்லாத பக்கத்தை யாராவது திறக்கப் பார்த்தால் அதன் முகவரி அவளுடைய மடிகணினியில் வந்து விழும். செய்தி எழுதுகிறவள் நான், றுக்கியா. எழுத்துப் பிழைகளுக்காக அவளிடம் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

அவளுடைய கணவன் ஜக்சன் சல்லிக் கரையிலிருந்து வள்ளத்தில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. நிலாவெளிப் பக்கம் கவிழ்ந்த வள்ளம் கிடைத்தது, ஆளைக் காணவில்லை. நான் லீவு போட்டுவிட்டு அவளோடேயே கிடந்தேன். ஒரு வாய் தேத்தண்ணிகூட அவளுக்கு இறங்கவில்லை.

"சும்மா இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும்," என்று மடிகணினியைத் திறந்தாள்.

திரை நிறைய ஒரே முகவரிதான், திரும்பத் திரும்ப. எங்கள் தளத்தில் செய்தியின் தலைப்பேதான் அதன் முகவரி, ஆனால் தமிழ் எழுத்து இணைய முகவரியில் தமிழாகவே போகாது. ஒவ்வோர் எழுத்தும் குறியும் மும்மூன்று துண்டாகி, ஒவ்வொரு துண்டுக்கு முன்னாலும் ஒரு சதவீதக் குறி நிற்கும். எனக்கு அது வெறும் எறும்புக் கூட்டம். அவளோ வருடக்கணக்காய்ப் பார்த்துப் பழகியவள், சிலதைக் கண்ணாலேயே வாசிப்பாள். நடுவில் %E0%AE%9C என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது ஜ."

"ஜப்பானா இருக்கும், ஜனவரியா இருக்கும். ஏன்டி கண்டதையும் நினைக்கிறாய்?" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அவள் குறிகளை எழுத்தாக மாற்றும் ஒரு வரி நிரலுக்குள் அந்த முகவரியைப் போட்டு விசையைத் தட்டினாள்.

நிலாவெளிக்-கடலில்-காணாமற்போன-ஜக்சன்-சடலமாக-மீட்பு

"யா அல்லாஹ்!" என்று கத்தியது நான்தான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தளமே போட்டுவிட்டு அழித்த செய்தி அது என்று விளங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசிரியர் முத்தலிப் நானாவுக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஊருக்கெல்லாம் அனுப்பிப்போட்டோ நானா அழிச்சனீங்கள்? வெக்கமாயில்லையா?"

"ஒஃபிஸில அவசரப்பட்டுப் போட்டுட்டாங்கள் புள்ள. டிலக்ஷிட கண்ணில படக்கூடாதெண்டு உடன நான்தான் அழிச்சனான். வீட்டாக்கள் போய்ப் பக்குவமாச் சொல்லட்டுமெண்டு..."

அவள் கண்ணில் படக்கூடாதென்று அழித்தாராம்! ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பைச் சனம் தட்டிக்கொண்டேயிருந்தது. பக்கம் இருந்திருந்தால் அவர்கள் வாசித்துவிட்டுப் போயிருப்பார்கள். இல்லாததால்தான் ஒவ்வொரு தட்டும் அவளிடம் வந்து விழுந்தது. இது கூடத் தெரியாத மனுசன் ஓர் ஆசிரியர்!

டிலக்ஷி குனிந்து ஃபோனுக்குக் கிட்ட வந்தாள்.

"நானா, அவர்தானெண்டு ஆர் அடையாளம் காட்டினது?"

"அத வீட்டாக்கள் வந்து சொல்லுவாங்கள்..."

"சொல்லுங்கோ."

"அவர்ட தம்பிதான் புள்ள. விடியக் காலமையே வந்து காட்டினவர்."

"அப்ப காலமை தொடக்கம் எனக்கு மட்டும்தான் அவர் உயிரோட இருந்திருக்கிறார்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.