பாடம் முடியாத ஞாயிறுகள்

எழுபதுகளின் நடுவில், மீனாட்சிபுரத்துக்கு நான் மருமகளாக வந்த புதிது. வீடு நிறையக் கறவை மாடுகள், மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தனார்கள். என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருவார், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார். வந்துதான் எனக்கென்ன? பெரியவர்கள் முன்னால் புதுப் பெண்டாட்டியோடு நின்று பேசினால் அந்தக் காலத்தில் ஊரே சிரிக்கும். அவர் மாட்டுக் கொட்டகையில், நான் அடுப்படியில். சோறு பரிமாறும்போது பார்த்துக்கொள்வதோடு சரி. வாரம் முழுக்க அவரிடம் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருப்பேன். பஸ் கிளம்பும்போது அத்தனையும் தொண்டையிலேயே நிற்கும்.

அப்போது ஃபேக்டரியில் கிளார்க் வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை வைத்தார்கள். தேறினால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், என்னையும் கூட்டிப் போகலாம். நான் ப்ரீ-டிகிரி தேறியவள் என்பதால், "அம்மிணியே சொல்லிக் குடுக்கட்டும்" என்று மாமனார் உத்தரவு போட்டார். முன்கூடத்தில் ஆளுக்கொரு முக்காலி. எதிரில் மாமியார், முறத்தில் நிலக்கடலையைப் போட்டு உரித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு உட்காருவார்.

மற்றதெல்லாம் அவருக்கு மளமளவென்று வந்தது. பாஸிவ் வாய்ஸில் 'வில் ஹேவ் பீன்' வந்ததும் வண்டி நின்றுவிட்டது. 'பஸ் வருவதற்குள் பால் கறக்கப்பட்டிருக்கும்' என்று எங்கள் வீட்டு விஷயத்தையே இங்கிலீஷாக்கிச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகத் தலையாட்டுவார், அடுத்த ஞாயிறு பழையபடி முழிப்பார். முதலில் கிண்டல் செய்தேன். பரீட்சை நெருங்க நெருங்க என் கிண்டல் நின்றுபோனது. குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போய்விடுமே என்று ஒரு நாள் புத்தகத்தின் மேலேயே அழுதுவிட்டேன்.

அவர் குனிந்து மெல்லச் சொன்னார். "அழுவாத புள்ள. அது எனக்கு எப்பவோ வந்துருச்சு. வந்துருச்சுன்னு சொன்னா பாடம் முடிஞ்சுரும். அப்பறம் நீ உள்ள போயிருவ."

கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அதன் பிறகு இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவே என் வாரத்துக் கதையையும் அதே ராகத்தில் தாழ்ந்த குரலில் வாசித்துவிடுவேன். அவரும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே பதில் சொல்வார். யாருக்கும் தெரியவில்லை என்று எங்களுக்கு ஒரே பெருமை.

பரீட்சையில் தேறினார். ஆனால் குவார்ட்டர்ஸ் காலியாகச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள். அடுத்த ஞாயிறு பாடம் இல்லை. அவர் கொட்டகைக்குப் போனார், நான் அடுப்படிக்கு. இவர் ஏன்தான் தேறித் தொலைத்தாரோ என்றிருந்தது. சாயங்கால பஸ்ஸை நினைத்தாலே கண் நிறைந்தது.

மத்தியானம், மாமனாருக்கும் கேட்கும்படி மாமியார் குரல் கொடுத்தார். "ஏங்கண்ணு, பரீச்ச முடிஞ்சுதுன்னா படிச்சது மறந்து போயிராதா? அவனக் கூப்புட்டு இன்னொருக்காச் சொல்லிக் குடு."

நாங்கள் வந்து உட்கார்ந்தோம். எப்போதும் எங்களைப் பார்த்தே உட்காருகிறவர், அன்று முறத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கடலைக்காயை வழக்கத்தைவிடச் சத்தமாக உடைத்தார். குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

பிறகு கஞ்சிக்கோட்டில் யார் தயவும் இல்லாமல் வாய் வலிக்கப் பேசி வெகுகாலம் வாழ்ந்தோம். இன்று மாமியாரும் இல்லை, அவரும் இல்லை. கேட்டும் கேட்காத மாதிரி முதுகைக் காட்டி உட்காருவதும் ஒரு பாசம்தான் என்று எனக்குக் காட்டியவர் அந்த அம்மாள். ஞாயிறு மத்தியானம் எங்கேயாவது கடலைக்காய் உடையும் சத்தம் கேட்டால், சொல்ல வேண்டியதெல்லாம் பழையபடி தொண்டைக்கு வந்துவிடுகிறது. கேட்கத்தான் எதிர் முக்காலியில் ஆளில்லை.