வாய்க்காலில் கிடந்த கல்

செங்ஜியாங் குன்றில் தெங் குய்சென் பத்தொன்பது வருடமாகக் கல் பிளக்கிறாள். ஐம்பத்திரண்டு கோடி வருடத்துக்கு முன் கடலடியில் படிந்த சேறு அங்கே ஏடு ஏடாகக் கல்லாகிக் கிடக்கிறது. கத்தியை வைத்துத் தட்டினால் பிளந்துகொள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே ஒரு புழுவோ பூச்சியோ பதிந்திருக்கும். உடனே எந்த அடுக்கில் எடுத்தது என்று கல்லின் முதுகில் எண் எழுத வேண்டும். மேலே போகப் போக எண்ணும் கூடும், காலமும் பிந்தும். உருண்டு விழுந்த கல் என்றால் உள்ளே எது இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். அடுக்கு தெரியாத கல் அநாதை. குய்சென் எழுதிய எண் என்றால் ஆராய்ச்சியாளர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

அப்படிப்பட்டவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன், மழை விட்ட மறுநாள், வாய்க்காலில் கிடந்த கல் ஒன்றைப் பிளந்தாள். மீசை, கால், வால் எதுவும் குறையாத பூச்சி! எறிய மனம் வரவில்லை. யாருக்குத்தான் வரும்? அன்று ஏழாம் அடுக்கில் வேலை. முதுகில் ஏழு என்று எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

ஒரு கல் என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். மூன்றாம் அடுக்கோடு அழிந்துபோனதாக எல்லோரும் எண்ணியிருந்த பூச்சி அது. ஏழு வரை தப்பிப் பிழைத்திருக்கிறதே என்று இளம் ஆராய்ச்சியாளர் லோ ஜிங்யுவானுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. இன்னொன்று கிடைக்காதா என்று இரண்டு வருடம் ஏழாம் அடுக்கையே குடைந்தார். ஒன்றும் அகப்படவில்லை. குய்செனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மதியம் லோ சிரித்துக்கொண்டே வந்தார். “அக்கா, அடுத்த வாரம் கட்டுரை அச்சுக்குப் போவுது. நன்றின்னு உங்க பேரையும் போட்டிருக்கேன். பூச்சிக்கு மீசை, உங்களுக்குப் பேரு!”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். “சார், பேரு வேணாம். அது ஏழு இல்ல.”

“பின்னே?”

“வாய்க்கால்ல கெடந்துச்சு. மனசு கேக்கல, நானா எழுதிட்டேன்.”

லோ கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இது ஒண்ணுதானா அக்கா?”

“சத்தியமா ஒண்ணே ஒண்ணுதான்.”

“நான் நம்புறேன். மத்தவங்க எப்படி நம்புவாங்க?” என்றார் அவர். “கிடங்குல எதெல்லாம் உங்க எழுத்துன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே தனியா எடுத்து வைங்க.”

நாலாயிரத்துச் சொச்சம் கற்கள். ஒவ்வொன்றையும் எந்த அடுக்கில், எந்த மூலையில் பிளந்தாள் என்று அவளுக்கு நினைவிருந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து, எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் தன் கையாலேயே கேள்விக்குறி போட்டாள்.